பாறு கழுகுக்குச் சட்டம் கேட்பது: யாரிடம், என்னவென்று?

#1 சிகூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. "அழிந்துவரும் பாறு கழுகுகளைக் காக்கக் கடும் சட்டம் இயற்று" என்று ஒரு கையெழுத்துப் படிவம் இப்போது எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது யாருக்குப் போகிறது, எந்தச் சட்டத்தில் எதை மாற்றச் சொல்கிறது என்று தேடினால் ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பாறு கழுகு (பிணந்தின்னிக் கழுகு என்பார்களே, அதுதான்) ஏற்கெனவே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இதைவிடக் கடுமையாக எழுதி என்ன ஆகப்போகிறது? அந்தப் பறவையை யாரும் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போய் ஒழிக்கவில்லையே. 1990-களின் தொடக்கத்திலிருந்து சுமார் 15 ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் இல்லாமல் போயின. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பறவைகள் மரக்கிளையில் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்து செத்து விழுந்தன. புதிய நோய் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். 2004-இல் பாகிஸ்தானில் செய்த ஆய்வில்தான் விடை கிடைத்தது: மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி. ஊசி போட்ட மாடு அடுத்த ஓரிரு நாளில் செத்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் நின்றுவிடும், யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும், அவ்வளவுதான். கூட்டமாக உட்கார்ந்து தின்னும் பறவை என்பதால் ஒரு மாடு போதும், பல பறவைகள் போய்விடும். 100 சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்தச் சரிவு நடந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

ஆக, இந்தப் பறவையின் உயிர் இருப்பது வனத்துறைச் சட்டத்தில் இல்லை, 1940-இல் வந்த மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில். அதன் 26ஏ பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒரு மருந்து மனிதருக்கோ விலங்குகளுக்கோ ஆபத்து தரக்கூடும் என்று மத்திய அரசு கருதினால் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்யலாம். இதை வைத்திருப்பது சுகாதார அமைச்சகம். சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு லட்சம் கையெழுத்து அனுப்பினாலும் அவர்களால் செய்யக்கூடியது சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதுதான்.

கேட்ட இடம் சரியாக இருந்தபோது எவ்வளவு வேகமாக நடந்தது பாருங்கள். ஆய்வு வந்தது 2004. 2005 மார்ச்சில் பிரதமர் தலைமையிலான தேசிய வனவிலங்கு வாரியம் கால்நடை டைக்ளோஃபெனாக்கை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2006 மே மாதம் உத்தரவு. இரண்டே ஆண்டு. ஆனால் மாட்டுக்குப் போடும் இன்னொரு வலி மருந்தான கீட்டோப்ரோஃபெனும் பாறுக்கு நஞ்சு என்று 2009-இலேயே ஆய்வு வந்துவிட்டது, தடை வந்தது 2023 ஜூலை 31-இல். நடுவில் பதினான்கு ஆண்டு! அறிவியல் இரண்டுக்கும் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டாவதில் விடாமல் தொல்லை கொடுக்க ஆள் போதவில்லை, என் கருத்து அதுதான்.

பொதுமக்கள் எங்கே, எப்படிக் கேட்டால் வேலை நடக்கும்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

#2 குறிஞ்சிப்பூ

நல்ல இழை அண்ணா. ஒரு சந்தேகம். 2006-லேயே தடை வந்துவிட்டது என்றால் அதற்குப் பிறகும் டைக்ளோஃபெனாக் பிரச்சினை என்று ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்? நான் கல்லூரி மாணவி, எங்கள் இயற்கை மன்றத்தில் இதைப் பேசப் போகிறோம், அதனால் கேட்கிறேன்.

#3 மருந்துக்கடை மணி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், கடை வைத்திருப்பவன் என்ற முறையில். 2006-இல் தடை செய்தது மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கை. மனிதருக்கான ஊசி மருந்து தொடர்ந்து விற்பனையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அது 30 மில்லி பாட்டிலில் வந்துகொண்டிருந்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும், 30 மில்லி யாருக்கு? மாட்டுக்குத்தான். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. பறவை ஆர்வலர்கள் பல ஆண்டு கத்திய பிறகு 2015 ஜூலையில் மனிதர் ஊசியை 3 மில்லி ஒற்றை வேளை அளவில்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவிக்கை போட்டது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017 அக்டோபரில் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளி, தடை செல்லும் என்று சொன்னது. இந்தியா முழுவதும் பாறுகளுக்கு உதவிய தீர்ப்பு, நம் ஊர் நீதிமன்றத்தில் வந்தது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போதும் ஆம்பூலாக (ஒற்றை வேளைக் கண்ணாடிக் குப்பி) பத்து, பதினைந்து கேட்டு வருபவர்கள் உண்டு. இது மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. சீட்டு கேட்டால் "அந்தக் கடையில் கேட்காமல் தருகிறார்கள்" என்று போய்விடுவார்கள். நேர்மையாக நடக்கும் கடைக்காரனுக்கு வியாபார நட்டம், அதுதான் நிலைமை. அதனால் சட்டம் கேட்பவர்கள் தயவுசெய்து அமலாக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

#4 வக்கீல் தேன்மொழி

மணி சார் சொன்னது மிக முக்கியம். அமலாக்கத்துக்குப் பொதுமக்களுக்கு நேரடி வழி சட்டத்திலேயே இருக்கிறது, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

அதே மருந்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு (26ஏ இல்லை, வெறும் 26): கடையில் வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம், அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம். 32-ஆம் பிரிவின்படி மருந்து ஆய்வாளர் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவரும் அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமும்கூட வழக்குத் தொடரலாம். உங்கள் மாவட்டத்தில் நுகர்வோர் சங்கம் இருந்தால் அவர்களைக் கூட்டு சேருங்கள், பறவைக் குழுக்கள் இதைச் செய்வதே இல்லை.

வனவிலங்குச் சட்டத்தில் 55-ஆம் பிரிவு: குற்றம் நடந்தது என்று 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் புகார் வைக்கலாம். சடலத்தில் விஷம் வைப்பதும் அந்தச் சட்டத்தின்படி வேட்டைதான், 2-ஆம் பிரிவில் "வேட்டை" என்பதில் நஞ்சிடுவதும் அடக்கம்.

அப்புறம் ஒன்று. நிறையப் பேர் பசுமைத் தீர்ப்பாயம் போகலாம் என்று எழுதுவார்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் அட்டவணையில் வனச் சட்டம், நீர், காற்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர்ச் சட்டங்கள் எல்லாம் உண்டு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. அதை மட்டும் நம்பி அங்கே போனால் முதல் நாளே "இங்கே வராது" என்பார்கள். உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆனால் பொதுநல வழக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதலில் மனு கொடுத்து, தகவல் கேட்டு, பதில் வாங்கி, கையில் தாள் சேர்ந்த பிறகு போனால்தான் நீதிபதி கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இருக்கும்: "அரசிடம் மனு கொடுத்தீர்களா, என்ன சொன்னார்கள்?"

#5 பவானிசாகர் பட்டிக்காரன்

எல்லோரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள், நான் மாடு ஆடு வைத்திருப்பவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்க.

எங்கள் மாட்டுக்குக் கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், ராத்திரி நேரம் கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார்? பக்கத்து ஊரில் ஊசி போடத் தெரிந்த ஒருவர் வருவார், கையில் எது இருக்கிறதோ அதைப் போடுவார். என்ன மருந்து என்று எனக்கு எப்படித் தெரியும்? காலையில் மாடு எழுந்தால் போதும் என்றுதான் இருக்கும். நாளைக்கு நீங்கள் எல்லாம் சேர்ந்து கடும் தண்டனை கேட்டு வாங்கினால், பிடிபடுவது மருந்து செய்த கம்பெனிக்காரனா, நானா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மாட்டைப் புலி அடித்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. வந்து பார்க்கவே நாளாகிறது, பணம் வர அதைவிட நாளாகிறது. சிலபேர் ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் மருந்து தூவிவிடுகிறார்கள். நான் அதைச் சரி என்று சொல்லவில்லை, பாவம்தான். அதில் புலி சாகிறதோ இல்லையோ, வானத்தில் வரும் பாறுதான் முதலில் சாகிறது. இதற்கு என்ன சட்டம் போடுவீர்கள்?

#6 சிகூர்க்காரன்

பட்டிக்காரர் அண்ணா, நீங்கள் எழுதியது இந்த இழையில் இருக்க வேண்டிய விஷயம், கோபிக்க என்ன இருக்கிறது. உங்களைப் போன்றவர்களை விட்டுவிட்டுக் கேட்கும் எந்தச் சட்டமும் காட்டோரத்தில் நிற்காது.

மருந்து விஷயத்தில்: கேட்க வேண்டியது உங்களுக்குத் தண்டனை அல்ல. 26ஏ தடை உற்பத்திக்கும் விற்பனைக்கும்தான், மாடு வைத்திருப்பவர் மீது அது பாய்வதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான், கைவைப்பது தொழிற்சாலையில், தொழுவத்தில் அல்ல. அத்தோடு மாற்று மருந்து இருக்கிறது. மெலாக்சிகாம் பாறுக்குப் பாதுகாப்பானது என்று 2006-லேயே நிரூபித்துவிட்டார்கள், டால்ஃபெனமிக் அமிலமும் பிறகு சேர்ந்தது. மாற்று மருந்து கையில் இருந்ததால்தான் 2006 தடை அவ்வளவு சீக்கிரம் வந்தது என்றே சொல்வேன். எந்த விலங்குக்காகச் சட்டம் கேட்டாலும் "இதை நிறுத்து" என்பதோடு "இதற்குப் பதில் இது இருக்கிறது" என்றும் சொல்ல முடிந்தால் அதிகாரியின் வேலை பாதி குறைகிறது. ஆக உங்கள் ஊர் சார்பில் கேட்க வேண்டியது இரண்டு: கால்நடை மருந்தகத்தில் மெலாக்சிகாம் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், நடமாடும் கால்நடை மருத்துவர் வர வேண்டும். இதுவும் பாறுப் பாதுகாப்புக் கோரிக்கைதான்.

இழப்பீடு தாமதம் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். விஷம் வைப்பதைத் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டாம், தேன்மொழி அம்மா சொன்ன மாதிரி அது ஏற்கெனவே குற்றம். வேண்டியது, இத்தனை நாளுக்குள் பார்வையிட வேண்டும், இத்தனை நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று கெடு வைத்த அரசாணை. அதை மாநில அரசே போடலாம், டெல்லி போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கிறதே, அங்கே பறவை ஆர்வலர்களும் விவசாயிகளும் ஒன்றாக நின்று இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வனத்துறை இதுவரை இரண்டு தரப்பையும் தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறது.

#7 குறிஞ்சிப்பூ

எங்கள் மன்றத்தில் எம்.பி.க்கு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரே வாசகத்தை எல்லோரும் அனுப்பினால் பலன் இருக்குமா?

#8 டெல்லித் தமிழன்

குறிஞ்சிப்பூ, எம்.பி. அலுவலகம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரே வாசகத்தில் ஐந்நூறு மின்னஞ்சல் வந்தால் ஒரு வடிகட்டி போட்டு ஒரே கோப்புறையில் தள்ளிவிடுவார்கள், அது ஒரு மின்னஞ்சலாகத்தான் எண்ணப்படும். தொகுதிக்காரர் ஒருவர் முகவரியோடு தாளில் எழுதி, தொகுதிக்கு வரும்போது கையில் கொடுத்தால் அது மேசைக்குப் போகும்.

அதைவிட நல்லது, எம்.பி.க்குக் கேள்வியை எழுதிக் கொடுப்பது. நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்கு முன் அலுவலக உதவியாளர்கள் கேள்விக்கு விஷயம் தேடி அலைவார்கள், நல்ல கேள்வி கிடைத்தால் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்வார்கள். "பாறு கழுகைக் காக்க அரசு என்ன செய்கிறது?" என்று கேட்டால் இரண்டு பக்கம் பொதுவாகப் பதில் வரும், ஒன்றுக்கும் ஆகாது. இப்படிக் கேளுங்கள்: "2015 அறிவிக்கைக்குப் பிறகு பல வேளை அளவு டைக்ளோஃபெனாக் குப்பிகள் தொடர்பாக மாநிலவாரியாக எத்தனை ஆய்வுகள், எத்தனை பறிமுதல்கள், எத்தனை வழக்குகள்?" சுகாதார அமைச்சர் அவையில் எண் சொல்லியே ஆக வேண்டும். அந்த எண் அவை ஆவணத்தில் நிரந்தரமாக நிற்கும், பிறகு எந்த நீதிமன்றத்திலும் காட்டலாம். கூட்டத்தொடர் தேதி அறிவித்த உடனேயே கொடுத்துவிடுங்கள், மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போகும்போது பொதுமக்களிடம் கருத்து கேட்டு விளம்பரம் வரும், அதைத் தவறவே விடாதீர்கள். 2021 டிசம்பரில் வனவிலங்குச் சட்டத் திருத்த மசோதா வந்து நிலைக்குழுவுக்குப் போனது. அட்டவணைகளில் பல உயிரினங்கள் விடுபட்டிருப்பதாகவும் தவறான இடத்தில் இருப்பதாகவும் ஆய்வாளர்களும் அமைப்புகளும் எழுதினார்கள், 2022 ஏப்ரலில் வந்த குழு அறிக்கை அட்டவணைகளையே விரிவாகத் திருத்தி எழுதியது. வளர்ப்பு யானைகளைக் கைமாற்ற இடம் கொடுக்கும் பிரிவை எதிர்த்தும் நிறையப் பேர் எழுதினார்கள், அதில் தோற்றோம், அந்த விலக்கு சட்டத்தில் நிற்கிறது. அந்தத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மசோதாவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். வனவிலங்குச் சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலமாகவே அட்டவணையில் ஓர் உயிரினத்தைச் சேர்க்கலாம், மாற்றலாம். உங்கள் பகுதியில் ஒரு பல்லியோ தவளையோ சரியான அட்டவணையில் இல்லை என்றால், தரவோடு எழுத வேண்டியது அங்கேதான்.

#9 மேலூரான்

டெல்லித் தமிழன் சொல்வது சரிதான், ஆனால் கடிதம், கேள்வி, குழு என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மதுரை மாவட்டத்தில் எங்கள் அரிட்டாபட்டியைப் பாருங்கள்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகுடு வல்லூறு, இராசாளி எல்லாம் கூடு கட்டும் மலைகள், அதே இடத்தில் சமணர் படுக்கை, குடைவரைக் கோவில், கண்மாய்கள். அறிவிப்பு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். இரண்டு ஆண்டுதான். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது, 2,000 ஹெக்டேருக்கு மேல், அதில் அந்த மரபுத் தலமும் அடக்கம். அறிவிப்பு எங்களைக் காப்பாற்றவில்லை. ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம், கடையடைப்பு, டிசம்பர் 9-இல் சட்டமன்றத்தில் தீர்மானம், ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்து போனோம், பெண்களும் வயதானவர்களும் வந்தார்கள். 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எந்த நீதிமன்றமும் இதைச் செய்யவில்லை, எந்த நாடாளுமன்றக் கேள்வியும் செய்யவில்லை. தெருவில் இறங்கினால்தான் நடக்கும்.

#10 வக்கீல் தேன்மொழி

மேலூரான் அண்ணா, அந்த வெற்றிக்கு முழு மரியாதை. ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உங்கள் கையில் 2022 அறிவிப்பு என்ற தாள் இருந்தது. "அரசே பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்த இடத்தை அரசே ஏலம் விடுகிறது" என்று சொல்ல முடிந்தது. அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் சட்டமன்றத்தில் அத்தனை கட்சிகளும் ஒரே குரலில் பேசியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம். நீங்கள் நடந்தீர்கள், அந்தத் தாள் உங்கள் கூடவே வந்தது.

அப்புறம், சுரங்கம் வந்தால் ஊருக்கே நிலம் போகிறது, ஊர் எழுந்து வரும். பாறு கழுகு செத்தால் யார் வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை. அதற்கு ஆயிரம் பேரைத் தெருவுக்குக் கூப்பிட்டால் வருவார்கள் என்று நான் நம்பவில்லை. கவனிக்க ஆளில்லாத உயிரினங்களுக்குத் தாள் வேலைதான் சரி, ஐந்தாறு பேர் பத்து ஆண்டு விடாமல் செய்தால் போதும்.

#11 சிகூர்க்காரன்

தேன்மொழி அம்மா சொன்ன ஐந்தாறு பேருக்கு உதாரணம் எங்கள் பகுதியிலேயே இருக்கிறது. கோவை அருளகம் அமைப்பும் அதன் பாரதிதாசன் அவர்களும் மாயாறு பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்நடை மருத்துவர், மருந்துக்கடை, ஊராட்சி என்று ஒவ்வொரு படியாக ஏறி, இந்த மருந்துகளைப் பயன்படுத்த மாட்டோம் என்று கிராம சபைத் தீர்மானங்கள் வாங்கினார்கள். மத்தியத் தடைக்குப் பல ஆண்டு முன்பே நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களில் கால்நடைத் துறை கீட்டோப்ரோஃபென் பயன்பாட்டை நிறுத்தியது இப்படித்தான். டெல்லி அசையாதபோது மாவட்டம் அசையும். மாவட்டம் அசைந்தது என்பதையே டெல்லியில் காட்டலாம்: "தமிழ்நாட்டில் இது இல்லாமலே மாடுகள் பிழைத்துக்கொண்டுதானே இருக்கின்றன?"

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தலைமை வன உயிரினக் காப்பாளர் தலைமையில் மாநில அளவிலான பாறுப் பாதுகாப்புக் குழு அமைத்தது. 2023-இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடையாயின. (அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்பில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது, அதைத் தடுக்காமல் மற்றதைத் தடுத்து என்ன பயன் என்று கேட்டுக்கேட்டே வாங்கிய தடை.) 2024 டிசம்பர் 30-இல் நிமிசுலைடு. 2023 டிசம்பர் இறுதியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் 320 பாறுகள், அதில் வெண்முதுகுப் பாறு 217. திருக்கழுக்குன்றத்தில் நம் தாத்தா பாட்டி பார்த்த மஞ்சள்முகப் பாறு அந்தக் கணக்கில் வெறும் 4.

முடியவில்லை. ஃப்ளூனிக்சின், கார்புரோஃபென் என்ற வலி மருந்துகள் மீதும் தடை கேட்கிறார்கள், கேட்க வேண்டும். இதற்கு ஒரு வழி: 2020-இல் மத்திய அரசே வெளியிட்ட 2020–2025 பாறுப் பாதுகாப்புச் செயல்திட்டத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாறுக்கு நஞ்சாகும் மருந்துகளைத் தடை செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. மருந்து விஷயங்களில் அரசுக்கு ஆலோசனை சொல்வது மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "செயல்திட்டத்தின் இந்தப் பரிந்துரை மீது மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் எந்தத் தேதிக் கூட்டத்தில் என்ன முடிவு எடுத்தது, கூட்டக் குறிப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஆவணம் கேட்டால் வரும். 30 நாளில் வராவிட்டால் மேல்முறையீடு.

#12 பவானிசாகர் பட்டிக்காரன்

சரிங்க, புரிகிறது. எங்கள் ஊர் கிராம சபையில் நான் பேசத் தயார். ஆனால் எழுதிக் கொடுத்தால்தான் பேசுவேன், அதிகாரி முன்னால் சட்டப் பிரிவு எல்லாம் எனக்கு வராது. இழப்பீடு விஷயம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் ஒருவரும் கைதூக்க மாட்டார்கள்.

#13 மருந்துக்கடை மணி

மருந்தின் பெயர்களை எழுதும்போது கம்பெனிப் பெயர் போடாதீர்கள், மூலப்பெயரைப் போடுங்கள். ஒரே மருந்து இருபது பெயரில் வருகிறது, கம்பெனிப் பெயரைத் தடுத்தால் அடுத்த மாதம் வேறு பெயரில் வரும். வேண்டுமானால் எங்கள் வட்டாரச் சங்கக் கூட்டத்தில் நானும் இதை வைக்கிறேன், கடைக்காரர்களே சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் மனுவோடு இணைக்கலாம்.

#14 சிகூர்க்காரன்

மணி சார், அது கிடைத்தால் பெரிய பலம், கட்டாயம் செய்யுங்கள்.

பட்டிக்காரர் அண்ணா, தீர்மான வாசகம் கீழே. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், நீளமாக்க மட்டும் வேண்டாம்.

"கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக், நிமிசுலைடு ஆகிய மருந்துகளை எங்கள் ஊராட்சியில் பயன்படுத்துவதில்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது. கால்நடை மருந்தகத்தில் மெலாக்சிகாம் எப்போதும் இருப்பில் இருக்கவும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வாரம் ஒருமுறை வரவும் கால்நடைப் பராமரிப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். வனவிலங்கு தாக்கி இறந்த கால்நடைகளை உரிய கெடுவுக்குள் பார்வையிட்டு இழப்பீடு வழங்க அரசாணை பிறப்பிக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம். ஃப்ளூனிக்சின், கார்புரோஃபென் ஆகியவற்றைக் கால்நடைப் பயன்பாட்டில் தடை செய்ய மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 26ஏ பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்."

#15 வக்கீல் தேன்மொழி

வாசகம் நன்றாக இருக்கிறது. "உரிய கெடு" என்பதை எடுத்துவிட்டு நாள் கணக்கைப் போடுங்கள், ஊரே பேசி எத்தனை நாள் என்று முடிவு செய்யட்டும். "உரிய" என்று எழுதினால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

கூட்டத்தில் நிறைவேறியதும் தீர்மானப் பதிவேட்டின் சான்றிட்ட நகலை அன்றைக்கே கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் மேலே எங்கே போனாலும் வெறும் பேச்சுதான்.

#16 குறிஞ்சிப்பூ

நாங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், பெரும்பாலோர் சத்தி, கோபி, அந்தியூர் பக்கத்து ஊர்க்காரர்கள். அவரவர் ஊர் கிராம சபையில் இதே வாசகத்தை வைக்கிறோம். மின்னஞ்சல் திட்டத்தை விட்டுவிட்டோம், எம்.பி.க்கான கேள்வியை மட்டும் டெல்லித் தமிழன் அண்ணா சொன்னபடி எழுதிக் கையில் கொடுக்கப் போகிறோம். கிராம சபை எப்போது, யாரிடம் சொல்லிவைக்க வேண்டும்?

#17 மேலூரான்

தங்கச்சி, ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் "பொருள் நிரலில் சேர்க்கவும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நடத்தும் ஊராக இருந்தால் அவருக்கும் ஒரு நகல். அன்றைக்குப் போய் வாயால் சொன்னால் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்பார்கள், எங்கள் ஊரில் அதுதான் நடந்தது. மாடு வைத்திருக்கும் பெண்களை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள், இழப்பீட்டுப் பகுதியை அவர்களே வாசிக்கட்டும்.